கப்பலேறிய முன்னோரைத் தேடுவது எப்படி: ஒப்பந்தக் கூலிப் பதிவேடுகளுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலியாக, அதாவது குறித்த ஆண்டுகள் அயல்நாட்டில் வேலை செய்வதாக ஒப்புக்கொண்டு, கப்பலேறிய ஓர் ஏழை உழவரைப் பற்றி அன்றைய அரசு எழுதிவைத்த குறிப்பு, அவர் ஊரிலேயே தங்கியிருந்தால் அவரைப் பற்றி எழுதப்பட்டிருக்கக்கூடிய எதையும்விட விரிவானது. நிலமில்லாதவருக்குப் பட்டா இல்லை; பட்டா இல்லாதவரின் பெயர் கிராமக் கணக்கில் ஏறுவதும் அரிது. அதே மனிதர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கோ மொரீசியசுக்கோ போனபோது அவருடைய பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், உடலிலுள்ள தழும்பு, ஜில்லா, தாலுகா, கிராமம், வந்த கப்பல், சேர்ந்த தோட்டம் என்று எல்லாம் பதிவேட்டின் பத்திகளில் ஏறின. அந்த ஒரு வரியைக் கண்டுபிடிப்பது எப்படி, கண்டுபிடித்த பின் அதை எப்படிப் படிப்பது என்பதை இதுவரை இந்த வேலையில் இறங்காதவர்களுக்காக எழுதுகிறேன்.

வீட்டில் தொடங்குங்கள்

புதிதாகத் தேடுபவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை, கேள்விப்பட்ட பெயரை நேரே ஓர் இணையத் தரவுத்தளத்தில் இட்டுப் பார்ப்பதுதான். முனுசாமி என்று தேடினால் ஏராளமான முனுசாமிகள் வருவார்கள். அவர்களில் நம்மவர் யார் என்று சொல்ல ஒரு வழியும் இருக்காது. ஆகவே முதல் சில வாரங்களுக்குக் கப்பலை மறந்துவிட்டுக் குடும்பத்தை விசாரிப்பது நல்லது. உங்களிலிருந்து பெற்றோர், பாட்டன், பூட்டன் என்று பின்னோக்கிப் போக வேண்டும்; ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றில் ஒரு சான்றிதழாவது கைக்கு வந்த பிறகே அடுத்த தலைமுறையைத் தொட வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களிடம் கப்பலின் பெயரைக் கேட்பதில் அதிகப் பயன் இல்லை. மூன்றாம் தலைமுறையில் அது மறந்துபோயிருக்கும், அல்லது வேறொரு கப்பலின் பெயர் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். முதலில் வேலை செய்த தோட்டம் எது, துரை யார், உடன் வந்தவர்கள் யார், ஒப்பந்தம் முடிந்தபின் எங்கே குடியேறினார்கள், ஊருக்கு யாராவது திரும்பினார்களா என்று கேளுங்கள். குலதெய்வத்தின் பெயரையும் தவறாமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயர் சிதைந்துபோன குடும்பங்களில்கூடக் குலதெய்வத்தின் பெயர் தங்கியிருப்பதுண்டு. கடைசிக் கட்டத்தில் அது எப்படி உதவும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் நம் வழக்கத்தால், ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் திரும்பத் திரும்ப வரும். குடும்பக் கதையில் வரும் 'வீரப்பன் தாத்தா' கப்பலேறியவரா, தோட்டத்தில் பிறந்த அவருடைய பேரனா என்பதைச் சான்றிதழில் உள்ள ஆண்டைக் கொண்டுதான் தீர்மானிக்க முடியும். அதோடு, அந்நாடுகளில் இன்று குடும்பப் பெயராக நிற்பது, வந்திறங்கியவரின் இயற்பெயராகவோ அவருடைய தந்தையின் பெயராகவோ இருக்கலாம். நாயுடு, பிள்ளை, கவுண்டர் என்பவை பிற்காலத்தில் சேர்த்துக்கொண்டவையாகவும் இருக்கலாம். அத்தகைய பட்டத்தை வைத்துப் பழைய பதிவேட்டில் தேடினால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

எந்தக் கரையில் இறங்கினார்?

அடுத்தது நாடு. பயணிகளின் பெயர்ப் பதிவு எங்கே, எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது அவர் இறங்கிய கரையைப் பொறுத்தது. அவர் இந்தியாவிலிருந்து புறப்பட்டவர் என்பதால் ஆவணமும் இந்தியாவில்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் தனி மனிதர்களின் பெயர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்த நாட்டின் ஆவணக் காப்பகங்களிலேயே பிழைத்திருக்கின்றன. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் தில்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் குடியேற்றம் பற்றிய அரசு நடவடிக்கைக் குறிப்புகளும் கடிதப் போக்குவரத்தும் உள்ளன; ஒரு பயணத்தின் பின்னணியை அறிய அவை உதவும், ஆனால் ஆளைத் தேடும் வேலையை அங்கே தொடங்கக் கூடாது.

நேட்டாலைப் பொறுத்தவரை நாம் கொடுத்துவைத்தவர்கள். முதல் கப்பலான ட்ரூரோ 1860ஆம் ஆண்டு அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை, 1866க்கும் 1874க்கும் இடைப்பட்ட இடைவெளி நீங்கலாக, 1,52,184 பேர் வந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். டர்பனில் உள்ள குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் கப்பல் பட்டியல்களை எண்ணிம வடிவில் வைத்திருக்கிறது.

மொரீசியசின் குடியேற்றப் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அங்கே 1860களிலிருந்து தொழிலாளர்களைப் புகைப்படம் எடுக்கும் வழக்கமும் வந்ததால், சில குடும்பங்களுக்குப் பூட்டனின் முகமே கிடைத்துவிடுகிறது. பிஜிக்கு 1879 முதல் 1916 வரை 87 பயணங்களில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள்; சென்னையிலிருந்து ஆள் எடுத்தது 1903 முதல்தான். எனவே குடும்பக் கதை 1890இல் தமிழர் ஒருவர் சென்னையிலிருந்து பிஜிக்குப் போனதாகச் சொன்னால், ஆண்டையோ நாட்டையோ மறுபடி விசாரிக்க வேண்டும். பிஜியில் பதிவேட்டு வரிக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு தாளாகக் குடியேற்ற அனுமதிச் சீட்டு உண்டு; அவை சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளுக்குப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள் உண்டு. அவர்களுடைய ஆவணங்களை அந்தந்தத் தீவின் காப்பகத்திலும், பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும். காரைக்காலில் ஏறியவர் காரைக்கால்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எல்லைக்கு அப்பால் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். சென்னைக்கும் இதே விதி பொருந்தும். பதிவில் 'மதராஸ்' என்று மட்டும் இருந்தால் அது கப்பலேறிய துறைமுகம். சேலத்துக்காரரும் விசாகப்பட்டினத்துக்காரரும் மலபார்க்காரரும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள்.

எண்ணைப் பிடியுங்கள்

இந்தத் தேடலில் பெயரைவிட எண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம். நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, ஒரு காலனி எண் தரப்பட்டது. மொரீசியசில் குடியேறியோர் எண் என்று ஒன்று இருந்தது. பெயரை எழுத்தர்கள் பலவாறாக எழுதினார்கள். எண்ணை அப்படி மாற்ற முடியாது. ஒப்பந்தப் பத்திரம், விடுவிப்புச் சான்று, திருமணப் பதிவு, குழந்தையின் பிறப்புப் பதிவு என்று அந்த மனிதரைத் தொட்ட தாள்களிலெல்லாம் அந்த எண்ணை எதிர்பார்க்கலாம்.

ஆகவே கப்பல் பட்டியலைத் திறப்பதற்கு முன், அங்கே பிறந்த முதல் தலைமுறையின் பிறப்பு, திருமணப் பதிவுகளை எடுத்து, ஓரத்தில் ஐந்து அல்லது ஆறு இலக்க எண் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பெற்றோரின் எண்கள் அங்கே குறிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. தென்னாப்பிரிக்காவில் இறந்தவரின் சொத்து தொடர்பான கோப்புகளில் பெற்றோர் பெயரும் பிறந்த இடமும் கேட்கப்பட்டிருக்கும்; அவற்றையும் விடக்கூடாது. பழைய டிரங்குப் பெட்டியில் பித்தளைப் பாத்திரங்களுக்கு அடியில் கிடக்கும், யாருக்கும் படிக்கத் தெரியாததால் எறியப்படாமல் தப்பிய ஒரு தாளில் அந்த எண் இருக்கலாம்.

எண் கிடைத்துவிட்டால் காலமும் ஓரளவு தெரிந்துவிடும். நேட்டால் எண்கள் ட்ரூரோவின் முதல் பயணியிலிருந்து 1911 வரை தொடர்ந்து ஏறுமுகமாகவே போகின்றன. மிகச் சிறிய எண் 1860களையும், ஒன்றரை லட்சத்தை நெருங்கும் எண் கடைசி ஆண்டுகளையும் காட்டும். ஒருவர் ஊர் திரும்பி மறுபடியும் கப்பலேறியிருந்தால் அவருக்கு இரண்டு எண்கள் இருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பெயரை அன்றைய எழுத்தரின் காதால் கேட்பது

எண் கிடைக்காதபோது பெயரோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். எழுதியவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொன்னவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. காதில் விழுந்ததை அவர் எழுதினார், இவர் கைநாட்டு வைத்தார். எனவே ஒரு தாளை எடுத்து, தேடும் பெயரை எத்தனை விதமாக எழுத முடியும் என்று முதலில் பட்டியலிடுங்கள். சின்னசாமி எஸ் எழுத்திலும் தொடங்கலாம், சி-எச் எழுத்துகளிலும் தொடங்கலாம். குப்பன் ஜி, கே, சி ஆகிய மூன்றில் எதிலும் ஒளிந்திருக்கலாம். முத்து என்பதில் எம்-க்குப் பிறகு ஒரு யு வரலாம், இரண்டு ஓ வரலாம். பிரெஞ்சு வழக்கில் ஓ-வும் யு-வும் சேர்ந்து வரும். சாமி என்ற ஈறு மட்டுமே நான்கைந்து வடிவங்களில் கிடைக்கும். அவற்றில் நடுவே டபிள்யூ சேர்ந்த வடிவம் மிகச் சாதாரணம். ழகரத்துக்கு எல், ஆர், இசட் மூன்றும் வந்திருக்கின்றன. பழனி, அழகப்பன் போன்ற பெயர்களுக்கு இதை மறக்க வேண்டாம்.

பெயரின் பின்பகுதி அடியோடு மறைந்திருப்பதும் உண்டு. வெங்கடாசலம் வெறும் வெங்கடாகவும், ஆறுமுகம் ஆறுவாகவும் நிற்கலாம். பெண்களின் பெயரில் அம்மாள், ஆயி போன்ற ஈறுகள் வரும், போகும். தரவுத்தளத்தில் எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரக் குறி இட்டுத் தேடும் வசதி இருந்தால், மெய்யெழுத்துகளை மட்டும் வைத்துவிட்டு உயிரெழுத்துகளின் இடத்தில் அந்தக் குறியை இடுங்கள். பிழைகள் பெரும்பாலும் உயிரெழுத்துகளில்தான் நடந்திருக்கும்.

இரண்டு மூன்று பேர் பொருந்தினால் தந்தையின் பெயர், வயது, சேர்ந்த தோட்டம் ஆகியவற்றைக் கொண்டு ஆளைப் பிரித்தறியுங்கள். வயதுக்கு ஐந்தாண்டு முன்பின் இடம் கொடுங்கள்; பிறந்த தேதி தெரியாதவர்களின் வயது மதிப்பீடாகவே எழுதப்பட்டது.

ஒரு வரியைப் படித்தல்

விளக்கத்துக்காக ஒரு வரியை நானே புனைந்து காட்டுகிறேன். முனியம்மாள், தந்தை குப்பன், பெண், வயது 22, உயரம் நான்கு அடி பத்து அங்குலம், இடது முழங்காலின் கீழ் தழும்பு, ஜில்லா வட ஆற்காடு, தாலுகா குடியாத்தம், கிராமம் மேல்பட்டி. இதைக் கண்டவுடன் ஊர் கிடைத்துவிட்டது என்று ரயில் டிக்கெட் எடுக்கத் தோன்றும். பொறுங்கள். முதலில் இது அச்சேறிய படியெடுப்பா, மூலப் பக்கத்தின் படமா என்று பாருங்கள். கணினித் தரவுத்தளத்தில் உள்ளது யாரோ ஒருவர் பழைய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சிட்டது. தேய்ந்த மையில் 3 என்பது 8 ஆகவும், எல் என்பது டி ஆகவும் தெரிந்திருக்கக்கூடும். மூலப் படத்தைப் பார்க்காமல் எந்தப் பதிவையும் முடிவானதாகக் கொள்ள வேண்டாம்.

அடுத்து, அந்த ஒரு வரியோடு நிற்காமல் அதற்கு முன்னும் பின்னும் இருபது வரிகளைப் படியுங்கள். இந்த வேலை முழுவதிலும் மிகுந்த பலன் தருவது இதுவே என்பது என் கருத்து. ஒரே ஊரிலிருந்து சேர்ந்து புறப்பட்டவர்களுக்கு அடுத்தடுத்த எண்கள் விழுந்திருக்கலாம். முனியம்மாளுக்கு அடுத்த எண்ணில் இரண்டு வயதுக் குழந்தையும், முந்தைய எண்ணில் அதே கிராமத்து ஆண் ஒருவரும் இருந்தால், அது பெரும்பாலும் ஒரு குடும்பம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஜில்லாவே வேறு என்றால், கப்பலுக்காகக் காத்திருந்த டிப்போவில் சேர்ந்த இணையாக இருக்கலாம். அப்படி இணைந்தவர்கள் பலர்.

சாதிப் பத்தியைப் பாதி நம்பிக்கையோடு படியுங்கள். பழைய மொரீசியஸ் பதிவுகளில் தமிழர்களை 'மலபார்' என்று பொதுவாக எழுதிவிடுவதுண்டு; அது மலையாள நாட்டைக் குறிக்காது. வேறு பெயரில் போனவர்களும், சாதியை மாற்றிச் சொன்னவர்களும், வீட்டாருக்குத் தெரியாமல் போவதால் ஊரை மறைத்தவர்களும் உண்டு. உயரமும் தழும்பும் மட்டும் எழுத்தர் தம் கண்ணால் பார்த்து எழுதியவை. கப்பலேறிய அதே ஆள் பிற்காலத்து வேறொரு தாளில் வேறு பெயரில் வரும்போது, ஆளைக் காட்டிக்கொடுப்பவை அவைதாம்.

கடைசிப் பத்தியான குறிப்புரையைப் பலர் கவனிப்பதில்லை. இறந்த தேதி, ஊர் திரும்பிய கப்பல், வேறு முதலாளிக்கு மாற்றப்பட்டது போன்றவை அங்கே பொடி எழுத்தில் இருக்கும். ஒப்பந்தம் ஐந்தாண்டு, இலவசமாக ஊர் திரும்பும் உரிமை பிஜியிலும் தொடக்ககால நேட்டாலிலும் பத்தாண்டுக்குப் பிறகு. எனவே திரும்பினாரா என்று தேடும்போது வந்த ஆண்டோடு பத்தைக் கூட்டி அங்கிருந்து தொடங்குங்கள்.

கப்பலை உறுதி செய்தல்

கப்பலின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டால் போதாது, தேதியும் வேண்டும். நேட்டாலுக்கு உம்லாசி போன்ற நீராவிக் கப்பல்கள் திரும்பத் திரும்ப ஓடின. ஒரே கப்பலின் பல பயணங்களைப் பிரித்துக் காட்டப் பெயரோடு ரோமானிய எண்ணைச் சேர்த்துப் பட்டியலிட்டிருப்பார்கள். பிஜிக்குக் கடைசியாக ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற சட்லெஜ் கப்பலும் 1916 பட்டியலில் ஐந்தாம் பயணமாகவே வருகிறது. புறப்பட்ட தேதி, சேர்ந்த தேதி, பதிவான தேதி மூன்றும் வேறு வேறு என்பதால், நீங்கள் குறிப்பது எது என்பதையும் எழுதுங்கள். தேதி உறுதியானால், அந்த வாரத்துத் துறைமுக நகர நாளிதழையும், கப்பலோடு சென்ற மருத்துவரின் அறிக்கை கிடைத்தால் அதையும் பார்க்கலாம். வழியில் பிறந்தவர், இறந்தவர் எத்தனை பேர், எந்த நோய் பரவியது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

பெயர்ப் பட்டியல் இல்லாத பயணங்கள்

மலாயா, இலங்கை, பர்மா மூன்றுக்கும் போன தமிழர் தொகை மிகப் பெரிது. அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் கிடைப்பதோ மிக அரிது. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி கூட்டிச் சென்றவர்களும், கப்பலின் மேல்தளத்தில் இடம் தரும் மலிவான தளப் பயணச்சீட்டில் போனவர்களும் அன்றைய கணக்கில் வெறும் தலை எண்ணிக்கை. சிங்கப்பூர்ப் பழைய நாளிதழ்களைத் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அவற்றில் கப்பல் வந்த செய்தி இருக்கும், ஆனால் பெயர் போட்டிருப்பது மேல் வகுப்புப் பயணிகளுக்குத்தான்.

இங்கே வழியை மாற்ற வேண்டும். மலாயாவுக்குப் போனவர் சஞ்சிக் கூலியா (அதாவது ஒப்பந்தக் கூலியா), கங்காணி வழியா என்பதை ஆண்டைக் கொண்டு ஊகிக்கலாம்; அங்கே சஞ்சி முறை 1910இல் நிறுத்தப்பட்டது, அரசு உதவியோடு கூலி ஆட்கள் செல்வதை இந்திய அரசு 1938இல் தடுத்தது. 'ரஜூலாவில் வந்தார்' என்று குடும்பம் சொன்னால், அந்தக் கப்பல் 1926இல் கட்டப்பட்டது என்பதால் அதற்கு முந்தைய ஆண்டு எதுவும் பொருந்தாது. பிற்காலத்தவராயின் கடவுச்சீட்டில் துறைமுக முத்திரையும் தேதியும் இருக்கும். இலங்கைக்குப் போனவர்களின் குடும்பங்களில் தோட்டத்துத் துண்டுச் சீட்டு, 1949ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் கொடுத்த விண்ணப்பத்தின் நகல், தாயகம் திரும்பியபோது தந்த குடும்ப அட்டை ஆகியவற்றைத் தேடுங்கள். குடியிருந்த காலத்தை நிரூபிக்க வேண்டியிருந்ததால் வந்த ஆண்டு அந்த விண்ணப்பத்தில் இருக்க வாய்ப்பு மிகுதி.

பிரிட்டனுக்குப் போனவர்கள் இதில் சேர மாட்டார்கள். இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பி.டி. 26 வரிசையில் 1878 முதல் 1960 வரை வந்திறங்கியவர்களின் பட்டியல்களும், பி.டி. 27 வரிசையில் 1890 முதல் 1960 வரை புறப்பட்டவர்களின் பட்டியல்களும் பெயரோடு இருக்கின்றன.

பதிவேட்டிலிருந்து ஊருக்கு

ஜில்லாவும் தாலுகாவும் கிடைத்தவுடன் இன்றைய வரைபடத்தைத் திறக்காதீர்கள். ராமநாதபுரம் ஜில்லா 1910இலும் சித்தூர் ஜில்லா 1911இலும்தான் உருவாயின. எனவே 1900இல் கப்பலேறிய சாத்தூர்க்காரர் திருநெல்வேலி ஜில்லாக்காரராகவும், சித்தூர்க்காரர் வட ஆற்காட்டுக்காரராகவும் எழுதப்பட்டிருப்பார்கள். வட ஆற்காடு என்றால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை வரை விரித்துப் பார்க்க வேண்டும். ஜில்லாவைவிடத் தாலுகாவின் பெயர் நம்பத்தக்கது. பழைய தாலுகாவின் தலைநகர் பெரும்பாலும் இன்றும் அதே பெயரில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள வருவாய்க் கிராமங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, பதிவில் உள்ள ஊர்ப்பெயரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எழுத்தில் பிடிபடாத ஊர் காதில் பிடிபட்டுவிடும்.

புதூரும் மேல்பட்டியும் நல்லூரும் ஒரு வட்டாரத்தில் மூன்று நான்கு இருக்கும். அப்போதுதான் முதலில் எழுதிவைத்த குலதெய்வத்தின் பெயர் வேலைக்கு வருகிறது. அந்தத் தெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று கோயில் பூசாரியிடம் விசாரித்தால், மூன்று ஊர்களில் இரண்டு கழிந்துவிடும்.

ஊருக்குப் போகும்போது உங்கள் முன்னோரின் ஒரு வரியை மட்டும் எடுத்துப் போகாமல், அந்தப் பக்கம் முழுவதையும், அடுத்த பக்கத்தையும் சேர்த்து அச்செடுத்துச் செல்லுங்கள். உங்கள் முனியம்மாளை அங்கே யாருக்கும் நினைவில்லாமல் இருக்கலாம். அதே கிராமத்திலிருந்து அதே கப்பலில் ஏறிய வேறொருவரின் பெயரையும் அவருடைய தகப்பன் பெயரையும் உரக்கப் படித்தால், திண்ணையில் இருப்பவர்களில் ஒருவர் அது எங்கள் வீடு என்று சொல்லக்கூடும். விசாரணையை அவரிடமிருந்தே தொடரலாம்.